வல்லவர் யார்? – ஒரு கால்பந்து வழக்கும் நம் கடமையும்

கம்பரா இளங்கோவா, பாரதியா பாரதிதாசனா என்று வழக்காடி மகிழ்வது தமிழர்க்குப் பழகிப்போன ஒன்று. பட்டிமன்றம் என்னும் அரங்கையே அதற்கென அமைத்துக்கொண்டவர்கள் நாம். அந்த அரங்கில் தீர்ப்பு எதுவாயினும், வீடு திரும்பியபின் நூலை எடுத்துப் படித்துப் பார்க்கும் வாய்ப்பு நமக்கு உண்டு. பாடியவர் மறைந்தாலும் பாட்டு நம் கையில் இருக்கிறது. ஆட்டக்காரரைப் பற்றிய வழக்கு அத்தகையதன்று. அவர் காலில் பிறந்த அழகு பிறந்த நொடியிலேயே மறைந்துபோகிறது. எஞ்சுவது கண்டவரின் நினைவு ஒன்றே. அந்த நினைவை நாம் எவ்வாறு மதிப்பிடுகிறோம், எவ்வாறு காக்கிறோம் என்பதைச் சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். தமிழ்த்துறை மலரில் கால்பந்துக்கு என்ன வேலை என்று கேட்போர் இறுதிவரை பொறுத்துப் படிக்குமாறு வேண்டுகிறேன்.

வழக்கு எழுந்த இடம்

2024ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள், சென்னை ஜவஹர்லால் நேரு விளையாட்டரங்கில் சென்னையின் எஃப்.சி. அணியும் கொல்கத்தாவின் முகம்மதன் ஸ்போர்ட்டிங் கழகமும் மோதின. முகம்மதன் கழகம் 1–0 என்ற கணக்கில் வென்றது. இந்தியன் சூப்பர் லீக் போட்டியில் அக்கழகம் பெற்ற முதல் வெற்றி அதுவே. புதுப்பட்டினத்திலிருந்து நம் மாணவர் சிலர் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே சென்று அவ்வாட்டத்தைக் கண்டு, நள்ளிரவுக்குப் பின் ஊர் திரும்பினர்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகை முடிந்து வெளிவந்தவர்கள் தேநீர்க் கடையின் முன் கூடினர். முதல்நாள் ஆட்டத்தில் தொடங்கிய பேச்சு, அக்கழகத்தின் நெடிய வரலாற்றுக்குள் புகுந்து, “முகம்மதன் கழகத்திற்கு ஆடியவர்களுள் ஆட்டத்திறனில் தலைசிறந்தவர் யார்?” என்னும் கேள்வியில் வந்து நின்றது. ஒரு மாணவர் முகம்மது சலீம் என்றார். மற்றொருவர் சமது என்றார். அருகில் பெஞ்சில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் இருவரையும் கையமர்த்திவிட்டு, மஜீத் என்றார்.

அப்பெரியவர் தம் இளமையில், 1970களின் நடுவிலிருந்து ஏறத்தாழப் பத்தாண்டுகள், அன்றைய கல்கத்தாவில் நாகூதா பள்ளிவாசலை அடுத்த தெருவொன்றில் கைலி வணிகர் ஒருவரின் கடையில் பணிபுரிந்தவர். கடை அடைத்தபின் மைதானத்திற்குச் சென்று ஆட்டம் காண்பது அவருடைய வழக்கம். எனவே அவர் சொல்லுக்குத் தனி எடை இருந்தது. ஆயினும் மாணவர்கள் விடவில்லை. “நன்னா, நீங்க பார்த்தவரைச் சொல்றீங்க. பார்க்காத காலத்துல இருந்தவரை என்ன செய்யறது?” என்று ஒருவர் கேட்டார். அக்கேள்வி என்னை வெகுநாள் விடாது தொடர்ந்தது.

கழகத்தின் பெருமை

வழக்கை ஆராயுமுன் கழகத்தைப் பற்றிச் சில சொற்கள் கூறுதல் வேண்டும். 1891ஆம் ஆண்டு தோன்றியது முகம்மதன் ஸ்போர்ட்டிங் கழகம். கல்கத்தா லீக் போட்டி 1898இல் தொடங்கியது. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக அதன் முதற்பிரிவில் வாகை சூடியவர்கள் ஆங்கிலேயப் படைப்பிரிவுகளும் ஐரோப்பியக் கழகங்களுமே. 1934இல் முதற்பிரிவிற்கு உயர்ந்த முகம்மதன் கழகம், உயர்ந்த அவ்வாண்டிலேயே பட்டத்தை வென்று, அதனைப் பெற்ற முதல் இந்தியக் கழகம் என்னும் பெயரை எய்தியது. அதன்பின் 1938 முடிய ஐந்தாண்டுகள் இடையறாது அப்பட்டம் அதனிடமே இருந்தது. 1936இல் ஐ.எஃப்.ஏ. கேடயத்தையும் வென்றது. 1940ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் தில்லியில் நடந்த டியூரண்டு கோப்பை இறுதியாட்டத்தில் ராயல் வார்விக்‌ஷயர் படைப்பிரிவை 2–1 என்ற கணக்கில் வீழ்த்தி, அக்கோப்பையைப் பெற்ற முதல் இந்திய அணியாகவும் விளங்கியது.

இப்பெருமைக்குப் பின் நீண்ட இறக்கமும் உண்டு. 1981இல் கல்கத்தா லீக்கை வென்ற கழகம் மீண்டும் அதனை வென்றது நாற்பது ஆண்டுகள் கழித்து 2021இல்தான். 2023–24 பருவத்தில் ஐ-லீக் பட்டம் பெற்று மேல்நிலைக்கு உயர்ந்தது. அங்கு ஆடிய முதற்பருவத்தின் முடிவில் அட்டவணையின் இறுதியிடத்தையே பெற்றது. இன்றைய நிலை தாழும்போது பழைய வீரர்களைப் பற்றிய பேச்சு ஓங்குவது இயல்பு. வறுமையுற்ற குடும்பத்தில் பாட்டன் கட்டிய வீட்டைப் பற்றிப் பேச்சு மிகுவதைப் போன்றது இது.

மூவர் மூன்று சான்று

சையது அப்துஸ் சமது 1895இல் பிறந்தவர். புகைவண்டித் துறையில் பணியாற்றியவர். வங்காள மக்களால் ‘கால்பந்து மந்திரவாதி’ என்று அழைக்கப்பெற்றவர். 1933இல், நாற்பதை நெருங்கும் வயதில், முகம்மதன் கழகத்தில் சேர்ந்தார். ஏனையோர் ஓய்வுபெறும் பருவத்தில் அவர் கழகத்தின் பொற்காலத்திற்குத் தோள் கொடுத்தார். நாட்டுப் பிரிவினைக்குப் பின் கிழக்குப் பாகிஸ்தானில் இருந்த பார்வதிப்பூரில் வாழ்ந்து 1964இல் காலமானார்.

சமதுவைப் பற்றி வழங்கும் கதைகள் பல. அவற்றுள் ஒன்று எல்லோரும் அறிந்தது. வெளிநாட்டு ஆட்டமொன்றில் அவர் உதைத்த பந்து கோலின் மேற்சட்டத்தில் பட்டுத் திரும்பியதாம். மீண்டும் உதைத்தார்; மீண்டும் பட்டுத் திரும்பியது. “என் கணக்கு தவறாது, சட்டந்தான் தாழ்ந்திருக்கிறது” என்று அவர் வாதிட, அளந்து பார்த்தபோது உரிய உயரத்திற்குச் சில அங்குலம் குறைந்திருந்ததாம். கேட்க இனிய கதைதான். ஆனால் சொல்பவருக்கேற்ப ஊரும் மாறுகிறது, அங்குலக் கணக்கும் மாறுகிறது.

முகம்மது சலீம் 1904இல் கல்கத்தாவில் பிறந்தவர். 1936இல் உறவினர் ஒருவரின் தூண்டுதலால் கடல் கடந்து ஸ்காட்லாந்து சென்று, கிளாஸ்கோ நகரின் புகழ்பெற்ற செல்டிக் கழகத்தின் மேலாளர் வில்லி மேலியின் முன் நின்றார். வெறுங்காலுடன் ஆடும் ஒருவர், பூட்ஸ் அணிந்த தொழில்முறை வீரரிடையே ஆடுவதா என்று அவர்கள் வியந்தது இயற்கையே. ஆடிக் காட்டினார், ஏற்றுக்கொண்டனர். கால்களில் துணிக்கட்டு மட்டும் கட்டிக்கொண்டு, கால்ஸ்டன், ஹாமில்டன் ஆகிய அணிகளுக்கு எதிராக இரண்டு ஆட்டங்கள் ஆடினார். ஐரோப்பியக் கழகமொன்றுக்கு ஆடிய முதல் இந்தியத் துணைக்கண்டத்தவர் இவரே. ஸ்காட்லாந்து நாளிதழ்கள் இவர் பந்தைத் தம் விருப்பப்படி ஆட்டிவைத்ததை வியந்து எழுதின. செல்டிக் கழகத்தின் பயிற்சியாளர் ஜிம்மி மெக்மெனெமி குனிந்து இவர் பாதத்திற்குக் கட்டுப்போடும் புகைப்படம் இன்றும் கிடைக்கிறது. ஊர் நினைவு வாட்ட, சலீம் நெடுநாள் தங்காமல் தாயகம் திரும்பினார், 1980இல் மறைந்தார்.

மஜீத் பிஷ்கர் ஈரான் நாட்டுக் குர்ரம்ஷஹர் நகரத்தவர். 1978ஆம் ஆண்டு உலகக் கோப்பைக்குச் சென்ற ஈரான் அணியில் இடம்பெற்றவர். அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் பயில வந்த இவர், தம் நாட்டவரான ஜம்ஷீத் நசீரி முதலியோருடன் 1980இல் கல்கத்தா வந்து ஈஸ்ட் பெங்கால் கழகத்தில் சேர்ந்தார். 1982இல் முகம்மதன் கழகத்திற்கு மாறினார். இந்தியாவில் ஆடிய அயல்நாட்டவருள் இவரே தலைசிறந்தவர் என்று அக்காலத்து ரசிகர் பலர் இன்றும் சொல்வர். ஆனால் அந்த ஒளி சில ஆண்டுகளே நின்றது. வாழ்வின் ஒழுங்கு குலைய ஆட்டமும் குலைந்தது. பின்னர்ப் பல்லாண்டுகள் அவரைப் பற்றிய செய்தியே இல்லை. ஈஸ்ட் பெங்கால் கழகத்தின் நூற்றாண்டை ஒட்டி 2019 ஆகஸ்டில் அவர் கொல்கத்தா வந்தபோது, நரைத்த தலையுடன் நின்ற அவரைக் காண மக்கள் திரண்டனர். அவர்களுள் பலரும் நரைத்த தலையினரே.

எடைபோடும் முறை

இம்மூவருள் யார் வல்லவர் என்பதை எவ்வாறு முடிவு செய்வது? நம் முன்னோர் விட்டுச் சென்ற அறிவு ஒன்று இங்கு வழிகாட்டும் எனக் கருதுகிறேன். நபிமொழிகளைத் தொகுத்த இமாம்கள், செய்தியைக் கேட்டவுடன் ஏற்றுக்கொள்ளவில்லை. செய்தியை மத்னு என்றும், அதனைக் கொண்டுவந்து சேர்த்த அறிவிப்பாளர் தொடரை ஸனது என்றும் பிரித்தனர். தொடரில் உள்ள ஒவ்வொருவரும் நேர்மையாளரா, நினைவாற்றல் உடையவரா, தமக்கு அறிவித்தவரை நேரில் சந்தித்தவரா என்று ஆராய்ந்தனர். அதற்கென அறிவிப்பாளரின் வாழ்க்கை வரலாறுகளே தனித்துறையாக வளர்ந்தன. நபிமொழியையும் பந்தாட்டத்தையும் ஒருங்கு வைப்பது என் கருத்தன்று. அவ்வாறு எண்ணவும் இறைவன் காப்பானாக. மார்க்கத்தின் பொருட்டு அப்பெரியோர் வகுத்த ஒழுங்கின் நிழலில், உலகச் செய்திகளையும் நாம் ஆராய்ந்து பழகலாம் என்பதே நான் கூற விழைவது.

அவ்வாறு ஆராய்ந்தால் மூன்று வினாக்கள் எழுகின்றன. சொல்பவர் நேரில் கண்டவரா? அவர் சொல்வதைப் பிறரும் தனித்து நின்று சொல்கின்றனரா? புகழ்வதனால் அவருக்கு ஏதேனும் ஆதாயம் உண்டா?

சமதுவின் கதைகளை இவ்வினாக்களால் சோதித்தால், ஒவ்வொரு கதையும் தனித்தனியே வலுவற்றதாகிறது. ஆனால் அவர் ஒப்பற்ற ஆட்டக்காரர் என்னும் பொதுச்செய்தியோ, ஒருவரையொருவர் அறியாத எண்ணற்றோர் வாயிலாக வந்திருக்கிறது. மேற்சட்டத்தை அளந்த கதை பொய்யாயினும், அத்தகைய கதையை ஒருவர் மீது ஏற்றிச் சொல்ல மக்களுக்குத் தோன்றியதே, அதற்கு அடியில் ஓர் உண்மை இருந்தாக வேண்டும். கிளியின் மீது யாரும் யானையின் வலிமையை ஏற்றிப் பாடுவதில்லை.

மஜீதின் நிலை வேறு. கண்டவர்கள் இன்னும் நம்மிடையே உள்ளனர். புதுப்பட்டினத்துப் பெரியவர் அவர்களுள் ஒருவர். ஆனால் கண்டவர்கள் தம் இளமையையும் சேர்த்தே காண்கின்றனர் என்பதை மறக்கலாகாது. இருபத்தெட்டு வயதில் கண்ட ஆட்டம் எழுபது வயதில் இன்னும் பொலிவுடன் தோன்றும். அவர் கூறியதில் ஐயம் கொள்கிறேன் என்பது இதன் பொருளன்று. நேரில் கண்ட சான்றுக்கும் உரிய கழிவு உண்டு என்பதே.

சலீமைப் பொறுத்தவரை ஆட்டங்கள் இரண்டே. இரண்டு ஆட்டங்களைக் கொண்டு ஒருவர் வாழ்நாள் திறனை அளப்பது அரிசிமணி இரண்டைக் கொண்டு ஆண்டு விளைச்சலைக் கணக்கிடுவதாகும். எனினும் அவருக்குச் சான்று கூறியவர் யார் என்பதை நோக்குதல் வேண்டும். அவர்கள் அவருடைய மொழியினர் அல்லர், மார்க்கத்தினர் அல்லர், அவர் நாட்டை ஆண்டுகொண்டிருந்த பேரரசின் குடிமக்கள். அவரைப் புகழ்வதால் அவர்களுக்கு எந்த ஆதாயமும் இல்லை. அப்படியிருந்தும் கண்ட அன்றே எழுதி, படமும் எடுத்து வைத்தனர். உறவினர் ஆயிரம்பேர் சொல்லும் புகழைவிட, அயலார் ஒருவர் வியந்து சொல்லும் சொல் வழக்குமன்றத்தில் கனம் மிக்கது.

ஆகவே என் தீர்ப்பு இது: புகழில் சமது முதல்வர்; கண்டோர் நெஞ்சில் மஜீத் முதல்வர்; ஐயத்திற்கு இடமின்றி நிறுவத்தக்க திறனில் சலீமே முதல்வர். மழுப்பலான தீர்ப்பு என்று மாணவர் நகைக்கலாம். ஒருவரைத்தான் சொல்லவேண்டும் எனில், சலீம் என்பேன்.

விடுபட்ட பெயர்

இவ்வழக்கில் இன்னொரு குறையும் என் கண்ணில் பட்டது. வல்லவர் யார் என்று கேட்டால் எல்லோரும் பந்தைக் காலோடு ஒட்டவைத்துப் பலரைக் கடந்து செல்பவரையே சொல்கின்றனர். கோல் காவலரை யாரும் சொல்வதில்லை. நம் தேநீர்க் கடை மன்றத்திலும் பீட்டர் தங்கராஜ் பெயரை ஒருவரும் எடுக்கவில்லை.

தமிழ்ப்பெயர் தாங்கிய தங்கராஜ் 1935இல் ஐதராபாத்தில் பிறந்தவர். மதராஸ் படைப்பிரிவு மைய அணிக்கு ஆடி 1955, 1958 ஆகிய ஆண்டுகளில் டியூரண்டு கோப்பையை வெல்லத் துணைநின்றார். 1956 மெல்போர்ன், 1960 ரோம் ஒலிம்பிக் போட்டிகளுக்குச் சென்றார். 1958இல் ஆசியாவின் சிறந்த கோல் காவலராகப் போற்றப்பட்டார். 1962 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய அணியில் இருந்தார். கல்கத்தாவின் மூன்று பெருங்கழகங்களுக்கும் ஆடிய அவர், அவ்வகையில் முகம்மதன் கழகத்தின் கோலையும் காத்தவர். 2008இல் மறைந்தார்.

திறன் என்னும் சொல்லுக்கு நாம் கொள்ளும் பொருள் குறுகியிருப்பதே இந்த மறதிக்குக் காரணம். பந்து வரும் திசையை முன்னுணர்ந்து இரண்டடி நகர்ந்து நிற்பதும் திறனே. அவ்வாறு நின்றவர் பாய வேண்டிய தேவையே எழுவதில்லை. பாயாதவரைக் கூட்டம் கைதட்டிப் பாராட்டுவதுமில்லை. குடும்பத்திலும் கல்லூரியிலும் ஜமாஅத்திலும் இத்தகையோர் உண்டு. அவர்களால் நேராமல் போன தீங்குகளை எவரும் கணக்கில் எழுதுவதில்லை.

தங்கராஜின் பெயரை நினைவூட்டுவதற்கு மற்றொரு காரணமும் உண்டு. கழகத்தின் பெயரில் ஒரு சமுதாயத்தின் பெயர் இருக்கிறது. 1930களில் பெங்களூரிலிருந்தும் பெஷாவரிலிருந்தும் முஸ்லிம் வீரர்களைத் தேடித் திரட்டியே அக்கழகம் பொற்காலம் கண்டது. அக்காலத்து அரசியல் காற்று மைதானத்திலும் வீசியது. ஆயினும் பிற்காலத்தில் கிறித்தவராகிய தங்கராஜும், நைஜீரிய நாட்டுச் சீமா ஒக்கோரியும், பிற சமயத்தார் பலரும் அதே கருப்பு வெள்ளைச் சட்டையை அணிந்தனர். பள்ளிவாசல் தெருவினர் அவர்களுக்காகவும் குரல் கொடுத்தனர். திறமையைப் போற்றுவதில் இனம் பார்க்கும் சமுதாயம் தன் அணியைத் தானே பலவீனப்படுத்திக்கொள்ளும்.

வாதம் வரம்பு மீறினால்

ரசிகர் வழக்காடுவது நன்று. ஆனால் அதற்கு வரம்பு வேண்டும். 1980ஆம் ஆண்டு ஆகஸ்ட் 16ஆம் நாள் கல்கத்தா ஈடன் தோட்ட அரங்கில் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் கழகங்கள் மோதியபோது பார்வையாளரிடையே எழுந்த கலவரத்திலும் நெரிசலிலும் 16 பேர் உயிரிழந்தனர். வீட்டில் உணவுடன் காத்திருந்த தாய்மாருக்கு வந்து சேர்ந்தது பிள்ளைகளின் உடல். அப்பெரியவர் அக்காலத்தில் கல்கத்தாவில் இருந்தவர். அதைப் பற்றி மாணவர்கள் கேட்டபோது நெடுநேரம் பேசாதிருந்து, “விளையாட்டுதானேப்பா” என்று மட்டும் சொன்னார். இன்று கைப்பேசியில் பிற அணியின் ரசிகரை ஏசி எழுதும் இளைஞர்கள் அந்த ஒரு சொல்லை நினைவில் கொள்வார்களாக.

நல்ல வீரரை அளக்கும்போது அவர் களத்திற்கு வெளியே நின்ற நிலையையும் சேர்த்து அளப்பது நம் மரபு. சலீம் நாடு திரும்புமுன் அவருக்காக ஓர் ஆட்டம் நடத்தி வருவாயில் ஒரு பங்கு தர அங்கிருந்தோர் முன்வந்ததாகவும், அத்தொகையை அவர் ஆட்டம் காண வந்திருந்த அனாதைக் குழந்தைகளுக்கே வழங்கிவிட்டதாகவும் ஒரு செய்தி வழங்குகிறது. இது குடும்பத்தார் வழி வந்த செய்தி. ஆதலின் மேற்சொன்ன அளவுகோலின்படி இதற்கும் உரிய கழிவு தரவேண்டியவனே நான். ஆயினும் இதனை நம்ப என் உள்ளம் விழைகிறது என்பதை ஒளிக்கவில்லை. மஜீதின் வாழ்வையும் அருகில் வைத்துப் பார்க்கும் மாணவர், திறன் என்பது இறைவன் தந்த அமானிதம் என்பதை யாரும் சொல்லாமலே உணர்வர்.

நம் மணலில் ஆடியவர்

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய செய்திக்கு வருகிறேன். அன்று கலைந்து செல்லும் வேளையில் அப்பெரியவர் ஒன்று சொன்னார். “கல்கத்தாவுல கண்டதுல மஜீத்தான். ஆனா நம்ம ஊரு கடக்கரையில ஒருத்தர் ஆடினார் பாருங்க, அவரு காலுல பந்து ஒட்டிக்கிட்டே கெடக்கும். மணலுல ஆடி வளர்ந்த காலு. அவரைக் கல்கத்தாவுக்குக் கூட்டிப் போயிருந்தா இந்தப் பேச்சே வந்திருக்காது” என்றார். பெயரும் சொன்னார். படகோட்டும் குடும்பம் என்றும், 1960களில் சதுரங்கப்பட்டினம் வரை சென்று ஆடியவர் என்றும் சொன்னார். மாணவர்கள் வியந்து கேட்டனர். நானும் கேட்டேன். ஒரு நாள் குறிப்பேட்டுடன் வந்து விரிவாக எழுதிக்கொள்கிறேன் என்று அவரிடம் சொன்னேன். “வாங்க, சாவகாசமாப் பேசுவோம்” என்றார்.

நான் போகவில்லை. தேர்வு வந்தது, விடைத்தாள் வந்தது, ஆய்வுக்கூட்டம் வந்தது. அந்த வெள்ளிக்கிழமைக்குப் பின் ஆறு மாதம் கழியுமுன் அப்பெரியவர் வஃபாத்தானார். ஜனாஸாவில் நின்றபோதுதான் அவர் சொன்ன பெயரை நினைவுகூர முயன்றேன், வரவில்லை. உடன் இருந்த மாணவர்களைக் கேட்டேன். இருவர் இரு பெயர் சொன்னார்கள். மூன்றாமவர் இரண்டுமில்லை என்றார். ஊரில் மற்ற முதியவரிடம் விசாரித்ததில், அப்படி ஒருவர் ஆடியது உண்மை என்று ஒருவர் கூறினார். பெயர் அவருக்கும் தெரியவில்லை. சான்றை எடைபோடுவது எப்படி என்று வகுப்பில் உரைக்கும் நான், கையில் வந்த சான்றைக் கைநழுவ விட்டேன். இக்குற்றத்திற்கு வேறு யாரையும் நான் சுட்ட இயலாது.

புதுப்பட்டினத்திற்கு அருகே சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர் கட்டிய கோட்டை இருக்கிறது. அதனுள் உள்ள கல்லறைகளில், பதினேழு பதினெட்டாம் நூற்றாண்டுகளில் இங்கு வந்து வாணிகம் செய்து மாண்ட அயல்நாட்டாரின் பெயர்களும் ஆண்டுகளும் அழகுறப் பொறிக்கப்பட்டுள்ளன. முந்நூறு ஆண்டுகளுக்கு முன் வந்து போனவர் பெயரை இன்றும் படிக்கலாம். அறுபது ஆண்டுகளுக்கு முன் அதே கடற்கரை மணலில் ஓடிய நம் ஊர்க்காரர் பெயர் நமக்குத் தெரியவில்லை. உமறுப்புலவர் தம் சீறாப்புராணத்தில் அபுல் காசிம் மரைக்காயரைப் பாடி வைத்ததனால்தான் பரங்கிப்பேட்டை வள்ளலின் பெயர் இன்றுவரை நம் வகுப்பறைகளில் ஒலிக்கிறது. எழுதப்பட்டவர் வாழ்கிறார், எழுதப்படாதவர், எத்துணை வல்லவராயினும், இருந்தார் என்பதற்கே சான்றின்றிப் போகிறார்.

மாணவர்க்கு ஒரு வேண்டுகோள்

தமிழ் பயிலும் மாணவர்களை வேண்டுகிறேன். காயல்பட்டினத்தில் மௌலானா அபுல் கலாம் ஆசாத் நினைவாகக் கால்பந்துப் போட்டி நடத்தி வருகின்றனர். நம் கடற்கரை ஊர்கள் பலவற்றிலும் கால்பந்து வேரூன்றிய ஆட்டம். ஒவ்வோர் ஊரிலும் எழுபதைக் கடந்த பெரியவர்கள் சிலரேனும் இருப்பர். அவர்களிடம் சென்று அமருங்கள். யார் ஆடினார், எந்த ஆண்டு, எந்தத் திடலில், யாரை எதிர்த்து, உடன் கண்டவர் யார் என்று கேட்டு எழுதுங்கள். சொன்னவர் பெயரையும், கேட்ட நாளையும் சேர்த்து எழுதுங்கள். இருவர் சொல்வது முரண்பட்டால் இரண்டையும் எழுதுங்கள், நீங்களாகத் திருத்தாதீர்கள். பள்ளிவாசல் தெரு, மீனவர் குப்பம், சேரி, அக்கிரகாரம் என்று பாராமல் எல்லோரிடமும் கேளுங்கள்; பந்து எல்லாத் தெருவுக்கும் உருண்டு சென்றது. கைப்பேசியில் குரலைப் பதிவு செய்யும் வசதி ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது. பத்து ஊரில் இருபது பெரியவர் சொன்னதைத் திரட்டினால், அதுவே நம் துறை வெளியிடும் நல்லதொரு தொகுப்பாக அமையும்.

கொல்கத்தாவின் சமதுவுக்கும் சலீமுக்கும் வழக்காட ஆயிரம்பேர் உள்ளனர். நம் மணலில் ஆடிய அந்தப் படகோட்டிக்காக வழக்காட ஒரு பெரியவர் இருந்தார், அவரும் போய்விட்டார். இக்கட்டுரையைப் படிக்கும் புதுப்பட்டினத்துப் பெரியோர் யாருக்கேனும் அவர் பெயர் நினைவிருப்பின், தயைகூர்ந்து நம் துறைக்குத் தெரிவிக்க வேண்டுகிறேன். இம்முறை குறிப்பேட்டுடன் நானே வருவேன், இன்ஷா அல்லாஹ்.

மறைந்த அப்பெரியவரின் பிழைகளைப் பொறுத்து, அவருக்கு மேலான சுவனபதியை வல்ல இறைவன் அருள்வானாக! ஆமீன்.